மூடுபனியைச் சிற்பம் என்று சொல்லலாமா? சென்னையில் செய்து பார்க்க முடியுமா?

சுடுமண்:

வணக்கம். சென்னையில் சிற்பத் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். களிமண், ஃபைபர், கொஞ்சம் வெண்கல வார்ப்பு, இதுவரை செய்தது இவ்வளவுதான். இறுதிக் காட்சிக்கு நீர், மேகம், மழை என்று சுற்றி வருகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. தேடியபோது ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயாவின் மூடுபனிச் சிற்பங்கள் கிடைத்தன. 1970இல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கின் கூரையை வெறும் தண்ணீரால் செய்த மூடுபனியால் போர்த்தியிருக்கிறார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாக ஊர் ஊராக அதையேதான் செய்து வந்திருக்கிறார்.

எங்கள் வளாகத்தில் இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே ஒரு முற்றம் உண்டு. மூன்று பக்கமும் கட்டடம், தரை கொஞ்சம் பள்ளம். காட்சி மார்ச் முதல் வாரம். காலை 10 மணியிலிருந்து மாலை 5 வரை அந்த முற்றத்தில் ஒரு மேகம் தங்க வேண்டும் என்பது ஆசை. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் வீட்டில் கேட்க முடியாது.

ஆசிரியரிடம் சொன்னேன். "இதில் நீ செதுக்கியது எது?" என்றார். திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். இதை எந்தக் கணக்கில் சிற்பம் என்கிறார்கள்? சென்னை வெயிலில் இது நிற்குமா? நேரில் பார்த்தவர்களோ, இந்த மாதிரி இயந்திரங்களில் கை வைத்தவர்களோ சொன்னால் உதவியாக இருக்கும்.

பந்தல்காரன்:

தங்கச்சி, தப்பாக நினைக்க வேண்டாம். நான் தாம்பரம் பக்கம் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோர்த்து நடந்து வரும்போது தரையோடு தரையாக வெள்ளைப் புகை விடுகிறோமே, அதைத்தான் அந்த அம்மா ஒசாகாவில் விட்டிருக்கிறார். டிரம்மில் வெந்நீர், அதில் டிரை ஐஸ், மூடியைத் திறந்தால் நாலு நிமிடம் மேகம். போட்டோகிராபர் கையைக் காட்டியதும் கதை முடிந்தது. நாங்கள் பில்லில் 'கிளவுட் என்ட்ரி' என்று எழுதுகிறோம், அவர்கள் சிற்பம் என்று எழுதுகிறார்கள்.

கிண்டல் போகட்டும், ஒரு எச்சரிக்கை. டிரை ஐஸை வைத்துக்கொண்டு பகல் முழுக்க ஓட்டலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். அதிலிருந்து வருவது கரியமில வாயு. காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். மூன்று பக்கம் சுவர், தரையும் பள்ளம் என்கிறீர்கள். கீழே உட்கார்ந்து பார்க்கிற குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும்.

கான்பெராவாசி:

நகாயாவின் மூடுபனி ஒன்று எங்கள் ஊரில், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டத்தில் இருக்கிறது. 1976இல் சிட்னி பியனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் காட்சிக்காகச் செய்தது, பிறகு கலைக்கூடம் வாங்கி 1982இல் இங்கே நிறுவியது. ஒரு சின்னக் குளம், சுற்றிலும் சவுக்கு மரங்கள். நம் ஊர் சவுக்குக்கு உறவுதான், அதைப் பார்த்தாலே எனக்குக் கடற்கரைச் சாலை ஞாபகம் வரும். குளத்தின் ஓரத்தில் குழாய்கள் கிடக்கும். மோட்டார் போட்டதும் முதலில் 'உஸ்' என்று சத்தம். ஊற்றிய பால் தரையில் பரவுகிற மாதிரி வெள்ளை மெதுவாகக் குளத்தின் மேல் படரும், அப்புறம் மரங்களுக்குள் போகும்.

பந்தல்காரன் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் புகையை எல்லோரும் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள். இங்கே உள்ளே நடந்து போகலாம். கண்ணாடி போட்டவர்கள் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகள் முதல் நிமிடமே ஓடிவிடுவார்கள், பெற்றோர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போவார்கள். அன்றைக்கு ஈரமும் குளிரும் இருந்தால் பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாது. ஜனவரியில், இங்கே அது கோடை, வறண்ட காற்று அடிக்கிற நாளில் போனால் குழாய் வாயில் கொஞ்சம் வெண்மை தெரியும், ஒரு கை தூரத்தில் காணாமல் போகும். உறவினர் ஒருவரை அப்படி ஒரு நாளில் கூட்டிக்கொண்டு போனேன். "குழாய் ஏதோ ஒழுகுகிறது போல" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சிற்பமா இல்லையா என்ற வாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. சுற்றி நடக்க முடிகிறது, உள்ளே போக முடிகிறது, ஒவ்வொரு பக்கமும் வேறாக இருக்கிறது. எனக்கு இது போதும்.

ஈரப்பதம்60:

கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஹியூமிடிபிகேஷன், அதாவது காற்றில் ஈரம் ஏற்றுவது, என் வேலை. கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்துத்தான் இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆனால் நாசில், அதாவது தண்ணீரைத் துளியாகப் பீய்ச்சுகிற குழாய் முனை, என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலில் மில்லில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு பறக்கும், நிலைமின்சாரம் ஏறும். ஸ்பின்னிங்கில் ஆர்ஹெச், அதாவது காற்றின் ஈரப்பத சதவீதம், 55இலிருந்து 60, நூலைக் கூம்பில் சுற்றுகிற ஆட்டோகோனரில் 65 வரை வைப்போம். அதைத் தாண்டினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். பழைய முறையில் காற்றைத் தண்ணீர்ச் சாரல் வழியாக விடுகிற ஏர்வாஷர் என்று பெரிய அறையே இருக்கும். இப்போது பல இடங்களில் உயர் அழுத்த நாசில் வந்துவிட்டது. 70 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 70 மடங்கில், தண்ணீரைத் தள்ளுவோம். நாசிலின் துளை 0.15 மில்லிமீட்டர். துளைக்கு நேர் எதிரே கொக்கி மாதிரி ஒரு சின்ன ஊசி இருக்கும். தண்ணீர் அதன் முனையில் மோதி உடைந்து 20 மைக்ரான் அளவில் துளியாகும். தலைமுடி 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை இப்படி உடைத்தால் ஏறக்குறைய 24,000 கோடி துளி. இந்த அளவுத் துளி நின்ற காற்றில் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். அதனால்தான் மிதக்கிற மாதிரி தெரிகிறது.

நாசில் விற்கிறவர்கள் ஒருமுறை மில்லுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார்கள். முதல் ஸ்லைடில் பம்பும் இல்லை, விலையும் இல்லை, ஒசாகாவில் வெள்ளையாக மூடிக் கிடந்த ஒரு கூரை. இதுதான் எங்கள் தொழிலின் பாட்டி என்றார் வந்தவர். அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அந்த அரங்கைச் செய்தது கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்த ஈ.ஏ.டி. என்ற அமைப்பு. கலிபோர்னியாவில் தாமஸ் மீ என்று ஒரு மேக இயற்பியல் ஆள் இருந்தார். மூடுபனி செய்ய அவருக்குத் தெரிந்திருந்த வழி ரசாயனம், அம்மோனியாவும் குளோரினும். நகாயா அதை ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் உள்ளே நின்று மூச்சு விட வேண்டும், செடிகள் கருகக் கூடாது, எனவே தண்ணீர் மட்டும்தான் என்று நின்றுவிட்டார். அந்தப் பிடிவாதத்தில் பிறந்ததுதான் இந்த முறை. ஒசாகாவில் 2,500க்கும் மேல் நாசில். பிறகு மீயின் கம்பெனி அதே முறையை வயலில் உறைபனியைத் தடுக்கவும், கேஸ் டர்பைனுக்குப் போகிற காற்றைக் குளிர வைக்கவும் விற்றது. கலைக்காகக் கண்டுபிடித்தது தொழிற்சாலைக்கு வந்த கதை இது. வழக்கமாக எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கும்.

பந்தல்காரன் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் டிரம்மில் வருகிற வெள்ளையும் தண்ணீர்த் துளிதான். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. அதன் குளிரில் வெந்நீரின் ஆவி துளியாகிறது, நீங்கள் பார்ப்பது அது. எச்சரிக்கை நூற்றுக்கு நூறு சரி.

இப்போது உங்கள் ஆசிரியர் கேள்வி. அம்மணி, நான் படித்த அளவில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நகாயாவின் அப்பா உகிசிரோ நகாயா ஓர் இயற்பியலாளர். 1936இல் ஹொக்கைடோவில், குளிர் அறைக்குள் முயல் முடி ஒன்றின் நுனியில், உலகிலேயே முதல் செயற்கைப் பனிப் படிகத்தை வளர்த்தவர். வெப்பநிலை இவ்வளவு, காற்றில் ஈரம் இவ்வளவு என்றால் படிகம் ஊசியாக வளரும், இவ்வளவு என்றால் தட்டாக, இவ்வளவு என்றால் ஆறு கிளையாக என்று ஒரு வரைபடமே போட்டார். படிகத்தை அவர் செதுக்கவில்லை, அது வளர்கிற நிலைமையைத்தான் கையில் வைத்திருந்தார். மகள் செய்ததும் அதுதான். ஓர் இடத்துக்குப் போனால் முதலில் அந்த ஊரின் வானிலைக் கணக்கை எடுக்கிறார். எந்த மாதம் காற்று எங்கிருந்து வரும், எத்தனை மணிக்கு அடங்கும், தரை எந்தப் பக்கம் சரிகிறது. பிறகு நாசில் வரிசை எங்கே, எப்போது திறப்பது, எப்போது மூடுவது. அவர் கை வைப்பது அவ்வளவில்தான். வடிவத்தைக் காற்று போட்டுக்கொள்கிறது.

இதற்கு அவரிடமே ஒரு சாட்சி இருக்கிறது. சில வேலைகளுக்குத் தலைப்பாக வானிலை நிலையத்தின் எண்ணைத்தான் வைத்திருக்கிறார். ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில், குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 1998இல் செய்தது #08025, அது பில்பாவோவின் எண். சான்பிரான்சிஸ்கோ எக்ஸ்ப்ளோரடோரியத்தின் பாலத்தை மூடிய 2013ஆம் வருட வேலை #72494. மழைமானிக்காரன் எழுதுகிற எண்ணைச் சிற்பத்துக்குப் பெயராக வைக்கிறார் என்றால் அவர் எதைத் தன் கல்லாக நினைக்கிறார் என்று தெரியவில்லையா? உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மீனம்பாக்கத்தின் எண் 43279.

அடுத்து சென்னை வெயில். கணக்கு போடுவோம். முற்றம் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், மேகம் 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மதியம் 32 டிகிரி, ஆர்ஹெச் 60 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்று இன்னும் 3 கிராம் தண்ணீரைக் குடித்துவிடும். குடித்து முடித்த பிறகு மிஞ்சுவதுதான் கண்ணுக்குத் தெரியும் மேகம். அடர்ந்த மூடுபனிக்குக்கூடக் கன மீட்டருக்கு அரை கிராம் போதும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது இலை லேசாக அசைகிற காற்று, திறந்த பக்கம் வழியாக வந்தால் விநாடிக்கு 16 கன மீட்டர் புதுக் காற்று உள்ளே வருகிறது. அதன் தாகத்துக்கே 48 கிராம் போய்விடும். 20 நாசில் வைத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர், விநாடிக்கு 33 கிராம். மேகம் எங்கே? முற்றம் குளுகுளு என்று இருக்கும், நாசில் வாயைத் தவிர எங்கும் எதுவும் தெரியாது. கான்பெரா அம்மா சொன்ன ஒழுகுகிற குழாய் அதுதான்.

அதே முற்றம், காலை 6 மணி. 24 டிகிரி, ஆர்ஹெச் 90. காற்றின் தாகம் கன மீட்டருக்கு முக்கால் கிராம்கூட இல்லை. காற்றும் ஏறக்குறைய நின்றிருக்கும். அதே 20 நாசில் அங்கே தாராளம், எதிர்ச் சுவர் தெரியாது. துளி ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனமாகும், பள்ளத்தைத் தேடி இறங்கும். உங்கள் முற்றம் பள்ளம் என்பது பெரிய அதிர்ஷ்டம். நாசிலை வேப்ப மரத்தில் கட்டாதீர்கள், மேட்டுப் பக்கச் சுவரோரம் முழங்கால் உயரத்தில் வையுங்கள். மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

ஆகவே காலை 10 முதல் 5 என்பதை மறந்துவிடுங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நானும் கலையே பார்க்காதவன் இல்லை. 2014 கொச்சி பியனாலேயில் சிற்பி அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்' பார்த்தேன். ஆஸ்பின்வால் ஹவுஸில் கடலைப் பார்த்த ஓர் அறை, தரைக்குள் ஒரு வட்டம், அதில் கறுப்புத் தண்ணீர் சுழன்று நடுவில் பாதாளத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் சும்மா கிடந்தது. எல்லோரும் சுழலைப் பார்த்தார்கள், நான் குனிந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டேன், தொழில் புத்தி. அவரே சிகாகோவில் 'கிளவுட் கேட்' என்று 168 எஃகுத் தகடுகளை ஒட்டி, சுமார் 100 டன் எடையில், வானத்தையும் மேகத்தையும் காட்டுகிற ஒரு பளபளப்பைச் செய்திருக்கிறார். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு என்னவோ கொச்சி சுழல்தான் பிடித்தது. சிகாகோவில் மேகம் வெளியே இருக்கிறது, எஃகு அதைக் காட்டுகிறது. கொச்சியில் தண்ணீரே வேலை செய்தது.

மல்லை:

மாமல்லபுரத்திலிருந்து எழுதுகிறேன். காற்று வடிவம் போடுகிறது என்று பெரியவர் சொன்னதும் எங்கள் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. சுடுமண், உங்களுக்கு வெண்கல வார்ப்பு தெரியும் என்பதால் இது பிடிக்கும்.

ஜேனட் எக்கல்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1997இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் வந்தார். ஓவியக் காட்சி வைக்கிற திட்டம். அவர் அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. சிற்பத்துக்குப் பெயர்போன ஊர் ஆயிற்றே என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். பெரிதாகச் செய்ய எடையும் செலவும் கட்டுப்படியாகவில்லை. சாயங்காலம் கடற்கரையில் மீனவர்கள் வலையைக் குவித்து வைப்பதைப் பார்த்திருக்கிறார். கன அளவு இருக்கிறது, கனம் இல்லை. எங்கள் மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். கம்பத்தில் தூக்கிக் கட்டியதும் காற்றில் அது உப்பியது, சுருங்கியது. மற்றதெல்லாம் அங்கிருந்து தொடங்கியதுதான்.

2005இல் போர்ச்சுகலின் போர்டோ கடற்கரையில் ஒன்று, 20 டன் எஃகு வளையத்தில் தொங்குகிறது. 2009இல் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஒன்று, அந்தப் பாலைவன ஊரின் பருவமழை மேகங்களைப் பார்த்துச் செய்தது. 2010இல் டென்வரில் '1.26' என்று ஒன்று. அந்த வருடம் சிலியில் வந்த நிலநடுக்கம் பூமியின் ஒரு நாளை 1.26 மைக்ரோ விநாடி குறைத்தது, அதைத் தொடர்ந்த சுனாமி அலையின் உயரக் கணக்கிலிருந்து வலையின் வடிவத்தை எடுத்தார். அதில் எஃகு வளையம் கிடையாது, எடைக்கு எடை எஃகைவிட 15 மடங்கு வலுவான நார்க் கயிற்றில் கட்டடங்களுக்கு நடுவே கட்டியது.

எங்கள் ஊருக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் கல்லைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மணலில் கிடக்கிற வலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். நீங்கள் ஒரு நாள் சாயங்காலம் வாருங்கள். மேகம் சரியாக வராவிட்டால் வலை இருக்கிறது.

சுடுமண்:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதிய கணக்கை அப்படியே அச்செடுத்து ஆசிரியரிடம் கொடுத்தேன். முயல் முடியில் பனிப் படிகம் வளர்ந்த இடத்தை இரண்டு முறை படித்தார். "சரி, அப்படியென்றால் உன் ஸ்கெட்ச் புத்தகத்தில் மேகப் படம் வேண்டாம், ஒரு மாதத்துக்குத் தினமும் காற்றை எழுதிக் கொண்டு வா" என்றார். ஊதுபத்தியைக் கொளுத்தி முற்றத்தின் நான்கு மூலையிலும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். காவலர் நான் ஏதோ பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்து ஒரு பாக்கெட் கற்பூரம் வாங்கிக் கொடுத்தார்.

சிக்கல் என்னவென்றால் பார்வையாளர்களுக்கு வாயில் 9 மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரு நாள் மட்டும் காலை 6 மணிக்கு அனுமதி வாங்கித் தருவதாக ஆசிரியர் சொல்கிறார். மீதி நாட்களுக்குக் காட்சிக் கூடத்தில் என்ன வைப்பது? ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கேயின் 'கண்டென்சேஷன் கியூப்' மாதிரி ஒன்று யோசிக்கிறேன். 1960களின் நடுவில் செய்தது. அக்ரிலிக் பெட்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒட்டி மூடிவிட்டார், அவ்வளவுதான். அறையின் சூட்டில் நீர் ஆவியாகிச் சுவரில் துளியாகிறது, வழிகிறது, மறுபடி ஆவியாகிறது. கூட்டம் அதிகமானால் துளிகளும் மாறும். அதை அப்படியே நகல் எடுக்க விருப்பம் இல்லை, ஆனால் காலையில் முற்றத்தில் நடந்தது பகலில் ஒரு பெட்டிக்குள் தொடர்ந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. இது சென்னையில் வேலை செய்யுமா? வளாகத்தில் வருவது போர்த் தண்ணீர், டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1,400 காட்டுகிறது.

ஈரப்பதம்60:

ஊதுபத்தி நல்ல யோசனை. நாங்களும் மில்லில் காற்று எங்கே தேங்குகிறது என்று பார்க்க அதைத்தான் கொளுத்துவோம். காற்றோடு நேரத்தையும் எழுதுங்கள். சூரியன் கட்டடத்துக்கு மேல் ஏறி முற்றத்தில் வெயில் விழுகிற நிமிடம் முக்கியம். தரை சூடானதும் காற்று மேலே கிளம்பும், அத்தோடு மேகம் காலி.

1,400 டிடிஎஸ் தண்ணீரை நாசிலில் விட்டால் அன்றைக்கே அடைத்துக்கொள்ளும். அடைக்காத நாசில் வழியாகப் போகிற துளி காய்ந்தால் உப்பு வெள்ளைப் பொடியாக வேப்ப இலை மேலும் பார்க்க வந்தவர்கள் சட்டை மேலும் படியும். ஆர்ஓ தண்ணீர்தான், 50க்குக் கீழே. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் அரை மணி நேரத்துக்கு 60 லிட்டர், அதாவது மூன்று கேன். பயப்படுகிற செலவு இல்லை. ஆனால் கேன் அன்றைக்கு வந்ததாக இருக்க வேண்டும். தொட்டியில் வாரக்கணக்கில் நின்ற தண்ணீரைத் துளியாக்கி மனிதர்களைச் சுவாசிக்க வைக்கக் கூடாது. லெஜியோனெல்லா என்ற கிருமி அப்படித்தான் நுரையீரலுக்குள் போகிறது. மில்லில் இதற்காகவே தொட்டி கழுவுகிற தேதியை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். முதல் நாள் ஓட்டிப் பார்த்த குழாயில் மிச்சம் நிற்கிற தண்ணீரையும் வடித்துவிடுங்கள். மோட்டாருக்கு அரை ஹெச்பி போதும், ஆனால் பம்ப் 70 பார் தாங்குகிறதா என்று பாருங்கள். கார் கழுவுகிற பம்பை வைத்து ஒப்பேற்றினால் அழுத்தம் துள்ளும், துளி பெரிதாகும், மேகம் வராது, எல்லோரும் நனைவார்கள்.

உங்கள் ஹாக்கே பெட்டிக்கு வருவோம். துளி பிடிக்க ஒரு பக்கம் குளிராக இருக்க வேண்டும். விசிறி மட்டும் ஓடுகிற அறையில் பெட்டியின் எல்லாப் பக்கமும் ஒரே சூடு, உள்ளே லேசாக மங்கலாகி அப்படியே நின்றுவிடும். ஏசி அறையில் ஜன்னல் ஓரம் வையுங்கள். ஜன்னல் வெயில் அடித்தண்ணீரில் பட வேண்டும், ஏசி காற்று எதிர்ப் பக்கச் சுவரில் பட வேண்டும். துளி எல்லாம் அந்தக் குளிர்ந்த சுவரில் பிடிக்கும், கனத்ததும் கோடு போட்டுக்கொண்டு இறங்கும். இரவு ஏசியை அணைத்தால் காலையில் வேறு மாதிரி இருக்கும். அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் போதும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் பாசி பிடித்துவிடும். மூலைகளைக் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுகிறவர்கள் போர்டு எழுதும் கடைகளில் இருப்பார்கள், அவர்களிடமே கொடுங்கள், நீங்கள் அந்த வாசனையைப் பிடிக்க வேண்டாம்.

ஒன்று கேட்கலாம் என்றால், பெட்டிக்குள் விடுகிற தண்ணீரை ஏன் கடையில் வாங்க வேண்டும்? காலையில் மேகம் ஓடும்போது மேட்டுச் சுவரில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வையுங்கள். அதில் படிந்து வடிவதைப் பிடித்தால் ஓர் அங்குலம் சேராவிட்டாலும் ஒரு டம்ளர் சேரும். அது ஏற்கெனவே ஆர்ஓ தண்ணீர், வடிகட்டினால் போதும்.

கான்பெராவாசி:

அந்தக் கண்ணாடித் தகட்டையும் காட்சியில் வைப்பேன் நான். இதைச் சொல்ல வேறு தகுதி எனக்கு இல்லை.

அனுமதி ஒரு நாள்தான் என்றால் முன்கூட்டியே நேரத்தை அச்சடித்து ஒட்டாதீர்கள். ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள், எப்போது திறப்பது என்பதை நீங்கள் முற்றத்தில் நின்று முடிவு செய்யுங்கள். இங்கே சில நாட்களில் மேகம் போய்விட்டது என்று ஆட்கள் கிளம்பிய பிறகுதான் காற்று திரும்பி அது மறுபடி குளத்துக்கு வரும்.

பந்தல்காரன்:

பெரியவர் கணக்கைப் படித்த பிறகு நான் கிளவுட் என்ட்ரி என்று பில் போடவே கூச்சமாக இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெயில் காலக் கல்யாணத்துக்கு வாசலில் மிஸ்ட் ஃபேன் வைப்போம். அதன் பம்ப் ஒன்று என் குடோனில் இருக்கிறது. மேலே 70 பார் என்றுதான் ஒட்டியிருக்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். நாசில் 24 இருக்கிறது, அதில் மூன்று அடைத்துக் கிடக்கிறது. வாடகை வேண்டாம், வண்டிச் சத்தம் மட்டும் கொடுங்கள். மாசி முகூர்த்தம் இருக்கிற நாளில் மட்டும் தர முடியாது, தேதியைச் சொல்லுங்கள்.

சுடுமண்:

அண்ணா, உண்மையாகவா? புதன்கிழமை விடியற்காலை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு முகூர்த்தம் இல்லை, அம்மா காலண்டரில் பார்த்துவிட்டார். செவ்வாய் சாயங்காலம் வண்டி அனுப்புகிறேன்.

ஈரப்பதம்60:

அடைத்த மூன்று நாசிலையும் எலுமிச்சை உப்புக் கரைத்த வெந்நீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். ஊசியை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். அப்படியும் திறக்காவிட்டால் அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு 21இல் ஓட்டுங்கள், கணக்குக்கு 20தான் வேண்டும். திங்கள் காலை ஆறு மணி ஆர்ஹெச் என்ன என்று இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.